நரிப்புழை ஆரஞ்சுப் பெட்டி

“வலி எவ்வளவு? பூஜ்யத்துலேருந்து பத்துக்குள்ள சொல்லுங்க!”

“பூஜ்யம், டாக்டர்!” என்றான் தாவூத்.

“பூஜ்யம்!” என்றாள் பிரிசில்லா.

டாக்டர் வேதவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாவது நாளும் பூஜ்யம்! நரிப்புழை என்ற இந்த மலைக்குகைக்குள் மூன்று நாளாகத் தவழ்ந்து, முட்டி தேய்ந்து, தலையை இடித்துக்கொண்டு கிடக்கிறார்கள். இவர்களுக்கு மட்டும் ஒரு சுளுக்குக்கூடப் பிடிக்கவில்லையாம்! யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்?

விண்வெளிக்குப் போகிறவர்களின் டாக்டர் என்றால் ஊரில் பெரிய மரியாதை. உண்மையில் அது கல்லில் நார் உரிக்கிற வேலை. ஒரு தும்மலைச் சொன்னால்கூட ராக்கெட்டில் தன் இடம் பறிபோய்விடும் என்று அத்தனை பேருக்கும் பயம். தாவூத்துக்கும் பிரிசில்லாவுக்கும் இதுதான் கடைசிப் பயிற்சி. பயிற்சி மையம் குகைக்குள் ஒளித்துவைத்த ஆரஞ்சுப் பெட்டியை அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். தவறினால் அவர்களுக்குப் பதில் வேறு இருவர் பறப்பார்கள்.

மணி ஒன்பதுக்கு, வரைபடத்தில் இருந்த குழி கண்ணில் பட்டது. விளக்கை அடித்தால், அடியில் பளிச்சென்று ஆரஞ்சு நிறம்!

“அய்யோ, இதுல நான் எப்படி நுழையறது?” என்றாள் ஆறடி பிரிசில்லா. தாவூத்தின் தோளும் அகலம்.

“நான் இறங்குறேன். தாவூத், கயித்தப் புடிங்க. கை நல்லா இருக்குல்ல?”

“சூப்பரா இருக்கு, டாக்டர்!”

பிரிசில்லா விளக்கைக் காட்ட, வேதவல்லி மெல்ல மெல்ல இறங்கினாள். தரைக்கு ஆறடி இருக்கும்போது, “ஆ!” என்று ஓர் அலறல். அலறியது தாவூத்! கயிறு சரசரவென்று நழுவியது. பெட்டிக்குப் பக்கத்தில் தொப்பென்று விழுந்தாள் வேதவல்லி. வலது முட்டி மளுக்கென்று முறுக்கிக்கொண்டது.

“டாக்டர்! அடி பட்டுச்சா?”

“ஒண்ணுமில்ல! பூஜ்யம்!”

சொன்ன வாயை அவளே பொத்திக்கொண்டாள். டாக்டருக்கே அடி என்றால் பயிற்சியை நிறுத்திவிடுவார்களே என்ற பயத்தில் வந்த வார்த்தை. மூன்று நாளாக எந்தப் பொய்க்காக இவர்கள் மேல் எரிந்து விழுந்தாளோ, அதே பொய்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

“இல்ல, ஏழு!” என்று கத்தினாள். “என் முட்டி ஏழு! இப்ப நீங்க சொல்லுங்க தாவூத். உண்மையச் சொல்லலேன்னா நான் இங்கயே உக்காந்துருவேன்!”

தாவூத் குழியின் விளிம்பில் குனிந்தான்.

“எட்டு, டாக்டர். வலது மணிக்கட்டு. முதல் நாளே கைய ஊனி விழுந்தேன். சொன்னா சீட்டு போயிரும்னு...”

“அடப்பாவி மனுஷா! விண்வெளிக்குப் போனா கைதான்யா உங்களுக்குக் கால்! அதயா மறைச்சீங்க?”

“எனக்குக் கால் விரல்ல அடி, வலி ரெண்டு,” என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டாள் பிரிசில்லா.

வேதவல்லிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. “தாவூத், இத முன்னாடியே சொல்லியிருந்தா கயித்த பிரிசில்லா கையில குடுத்திருப்பேனே! பிரிசில்லா, கயித்தப் பாறையில ரெண்டு சுத்து சுத்துங்க. தாவூத், கையத் தொங்கவிடாதீங்க. பெட்டி உங்க முதுகுல!”

முதலில் பெட்டி வந்தது, பிறகு டாக்டர். தாவூத்தின் மணிக்கட்டில் கட்டு ஏறியது. பிரிசில்லாவின் தோளைப் பிடித்து நொண்டி, தண்ணீரில் நனைந்து, சேற்றில் வழுக்கி, வாய் ஓயாமல் இருவரையும் திட்டிக்கொண்டே வந்தாள் வேதவல்லி. வாசல் வெளிச்சம் முகத்தில் அடித்தபோது மணி பதினொன்று ஐம்பத்திரண்டு!

“ஜெயிச்சுட்டோம்!” என்று குதித்த பிரிசில்லா, விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அறிக்கையில் வேதவல்லி தன் முட்டியைத்தான் முதலில் எழுதினாள். மணிக்கட்டு வெறும் சுளுக்கு. மூன்று வாரத்தில் சரியாகிவிடும். பயணத்துக்கோ இன்னும் எட்டு மாதம் இருந்தது. இதற்கா மூன்று நாள் பொய்!

மறுநாள் காலை பரிசோதனையில் தாவூத் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“மணிக்கட்டு அஞ்சு, டாக்டர். தொண்டை கரகரப்பு ஒண்ணு. கொசுக்கடி அரை. இட்லி கல்லு மாதிரி இருந்துச்சு, தாடை முக்கால்.”

“என் உயிர வாங்கறதுக்குன்னே வந்திருக்கீங்கய்யா!” என்று தலையில் அடித்துக்கொண்டாள் வேதவல்லி. ஒன்றையும் விடாமல் எழுதிக்கொண்டாள், கொசுக்கடி உட்பட.