நூற்றுப்பதினான்காவது தாள்

நேற்று நூற்றுப்பன்னிரண்டு தாள்கள்தான் இருந்தன. வினோஜா இரண்டு தரம் எண்ணியிருந்தாள். ஒஸ்லோவில் ஒரு நூலகத்தின் நிலக்கீழ் அறையில் பழைய நூல்களைப் படம் பிடிப்பது அவளுடைய வேலை. இப்போது மேசையில் இருந்த புத்தகத்துக்கு எண்ணூறு வயது. பாவ புண்ணியங்களைப் பற்றி லத்தீனில் எழுதிய எட்டு உபதேசங்களை ஒன்றாகக் கட்டியது, தாளெல்லாம் கன்றுத்தோல். மூலைகளில் பென்சிலால் எண் போட்டதும் அவள்தான். கோபத்தைப் பற்றிய உபதேசம்தான் கடைசி. இன்றைக்கு அதற்குப் பின்னால் எழுத்தே இல்லாத ஒரு தாள் இருந்தது. மூலையில் 113 என்று அவளுடைய கையெழுத்திலேயே எழுதியிருந்தது.

இது ஜோன்சனின் வேலை என்று முதலில் நினைத்தாள். எதற்கும் அந்த மனுசன் மேல் பழி போட அவளுக்கு விருப்பம், காரணமும் இருந்தது. இரண்டு வருடம் முதுகு முறிய அவள் எடுத்த படங்களை அடுத்த கிழமை பேர்கன் நகரில் நடக்கும் மாநாட்டில் தன் பெயரில் காட்டப்போகிறான். குருமடத்தில் லத்தீன் படித்து இடையில் விட்டு வந்தவன், இப்போது அவளுக்கு மேலதிகாரி. ஊர்க்காரன் என்பதாலேயே அவளுக்கு இன்னும் பற்றி எரிந்தது. நேற்று இதே மேசையில் சாய்ந்துகொண்டு சொன்னான்.

“உங்கடை பேர் போட ஏலாது, வினோஜா. படம்தானே எடுத்தனீங்கள். கோபிக்காதேங்கோ.” பிறகு திறந்திருந்த பக்கத்தில் விரலை வைத்துச் சிரித்தான். “இஞ்சை என்ன எழுதியிருக்குத் தெரியுமோ? கோபத்தில விட்ட சொல்லு நிலத்தில விழாதாம். ஆரோ பொறுக்கி வைப்பினமாம்.”

அவன் போனதும் புத்தகத்தின் மேல் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். உன்ரை தோலை உரிக்க வேணும். வீட்டில் நாளுக்கு நாலு தரம் அவள் வாயில் வருகிற பேச்சு.

விளக்கைச் சரித்துப் பார்த்தாள். மற்றத் தாள்கள் பழுத்து, தொட்டால் சரசரத்து, பூட்டிக் கிடந்த பெட்டியின் மணத்தோடு இருக்கும். இது சத்தமே போடவில்லை. மண்ணிறமாக, மெத்தென்று, சவரம் செய்தபின் ஆண்கள் பூசும் வாசத்தோடு விரலில் இளஞ்சூடாக ஒட்டியது. ஓரத்தில் ஒரு மச்சம், அதில் இரண்டு மயிர். இரண்டு வருடமாக அவள் பின்னாலிருந்து முறைத்துப் பார்த்த பிடரி, தெரியாமல் போகுமா?

கைத்தொலைபேசி அடித்தது. ஜோன்சனின் மனைவி இமெல்டா.

“அக்கா, அவர் ஆஸ்பத்திரியில. விடிய எழும்பேக்கை பிடரியில தோல் இல்லை. என்னெண்டு டொக்டர்மாருக்கும் தெரியேல்லை.”

வினோஜா ஆறுதல் சொன்னாள். வைத்துவிட்டு, நல்லா வேணும் என்று வாய்விட்டே சொன்னாள். பயம் இருந்தது, ஆனால் சந்தோசம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அவளுடைய கோபத்தை இந்த நாட்டில் ஒருவராவது காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்.

பின்னேரம் மூன்றரை. மார்கழி மாதம், மேலே ஊர் இருண்டிருக்கும். மறுபடி தொலைபேசி, கை புத்தகத்தில் இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டாள். பன்னிரண்டு வயது மகள் டிலக்சி, ட்வெய்ட்டாவில் பூட்டிய வீட்டு வாசலிலிருந்து.

“அம்மா, திறப்பைத் துலைச்சிட்டன். வெளியில நிக்கிறன். குளிருது.”

“இது மூண்டாவது திறப்படி. நான் அங்கை வந்தனெண்டால் உன்ரை தோலை உரிச்சுப் போடுவன்.”

துண்டித்தாள். மேசையை அறைந்தாள். அறைந்த கை அப்படியே நின்றது.

எண்ணினாள். நூற்றுப்பதின்மூன்று. திரும்ப எண்ணினாள். நூற்றுப்பதின்மூன்று.

“சும்மா சொன்னனான்,” என்றாள் புத்தகத்திடம். “பிள்ளையளுக்கு எல்லாரும் சொல்லுறதுதானே. சும்மா சொன்னனான்.”

மகளை அழைத்தாள். அடித்தது. எடுக்கவில்லை. திரும்ப அழைத்தாள். அடித்தது.

ஒரு தாள் புரண்டது. அந்த அறைக்கு யன்னல் இல்லை.

114.

சின்னத் தாள். வெளிர் மண்ணிறம். நடுவில் அவரை விதை அளவில் ஒரு தழும்பு. டிலக்சி மூன்று வயதில் தோசைக்கல்லில் கையை வைத்தபோது வந்தது. விடியும்வரை மருந்து பூசி ஊதியவள் வினோஜா.

தொலைபேசி அங்கே அடித்துக்கொண்டேயிருந்தது.

நூல்களுக்காக அந்த அறையை எப்போதும் குளிராக வைத்திருப்பார்கள். தாளில் மெல்லிய மயிர்கள் ஒவ்வொன்றாகச் சிலிர்த்து எழும்பின. வினோஜா தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அதைப் போர்த்திவிட்டாள். சட்டைக்கு அடியில் தாள் நடுங்கிக்கொண்டிருந்தது.