பதின்மூன்றாம் நாள் பரிசோதனை

மதியச் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுக் கதவை மூன்று முறை தட்டுவார்கள். இன்று கணக்கு வாத்தியாருக்குத் தட்டும் சத்தம் சுவரிலிருந்து கேட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி இருந்தாள். பேத்தி பிறந்திருக்கிறாள் என்று விமானம் ஏறி வந்தவர்களை, நோய்க்காலம், பதினான்கு நாள் தனிமை என்று இந்த ஹோட்டலில் அடைத்துவிட்டார்கள். ஒரே அறை என்றால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் இருவருக்கும் நாட்கள் முதலிலிருந்து தொடங்கும். அதனால் தனித்தனி அறை கேட்டு எழுதியது அவர்தான். பெரிய புத்திசாலி.

"முப்பது வருஷமா யாராலயும் பிரிக்க முடியாதவங்கள ஒரு ஃபார்ம் பிரிச்சிருச்சு பாருங்க" என்று முதல் நாளே போனில் சிரித்தாள். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு கதவு. அதில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தார்கள். பிய்த்தால் மறுபடி முதல் நாள்.

விளையாடுகிறாள் என்று அவரும் பதிலுக்குத் தட்டினார். கதவின் அடியிலிருந்து கிருமிநாசினி நெடி கனமாக வந்தது. கூடவே ஈரத் துணி மூட்டையைத் தரையில் இழுப்பது போன்ற சத்தம், நின்று, தொடங்கி, மறுபடி நின்று, கட்டில் பக்கமாக நகர்ந்துகொண்டே போனது. போன் செய்தார். அவள் எடுக்கவில்லை.

வரவேற்பறைப் பெண்ணை அழைத்தார்.

"டெஸ்ட் எடுக்கற நர்ஸ் உள்ள இருப்பாங்க சார். இன்னிக்குக் கடைசி டெஸ்ட் இல்லையா?"

கொஞ்சம் மூச்சு வந்தது. வெள்ளை உடுப்பும் கண்ணாடி முகத்தடுப்புமாக யார் வந்தாலும் கதவைத் திறந்துவிட வேண்டும் என்பது விதி. யார் எவர் என்று கேட்பதில்லை.

சுவர் அதிர்ந்தது. பிறகு அவள் குரல், வாயில் எதையோ திணித்தது போல.

அவர் கை டேப்பின் மேல் இருந்தது. இன்னும் ஒரே நாள். அப்புறம் பேத்தியைத் தூக்கலாம். பிய்க்கவில்லை.

போன் அடித்தது.

"சாரி சார். நர்ஸ் இப்பத்தான் வண்டியிலேர்ந்து இறங்கறாங்க. மேல யாரையும் அனுப்பல."

பிய்த்தார். தோளால் மோதினார். மறுபடி மோதினார். தாழ்ப்பாள் தெறித்தது.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் அவள். அவள் நெஞ்சில் முழங்காலை ஊன்றியபடி ஒரு வெள்ளை உடுப்பு. முழங்கைவரை சிவப்பு. அவள் மூக்கில் டெஸ்ட் எடுக்கும் அந்த நீளக் குச்சி. ஒன்றல்ல. கண்ணிலும். நக அளவுதான் வெளியே தெரிந்தது. கால்கள் தரையை உதைத்துக்கொண்டிருந்தன. பிறகு உதைக்கவில்லை.

அது எழுந்தது. எந்த நர்ஸ் வந்தாலும் முகத்தடுப்பில் மூச்சுப் பட்டு ஆவி படிந்திருக்கும். இதில் இல்லை. துளிகூட இல்லை.

நிதானமாகப் புதுக் குச்சியின் உறையைக் கிழித்தது.

"தலையக் கொஞ்சம் நிமித்துங்க."

ஓடத்தான் நினைத்தார். பதின்மூன்று நாள் சொன்னதையெல்லாம் கேட்டே பழகிய கழுத்து, மெல்ல நிமிர்ந்தது.