தறிக் கொட்டகைக் குரல்

"ஏறாத நைனா! நில்லு!"

திருமலைக்கு ஏறும் அலிபிரிப் படிகளில் முன்னால் போனவன் திடுக்கிட்டுத் திரும்பினான். அவனுக்கு எரிகிற இரண்டு கண்கள்...

"இன்னாம்மா, பெருமாளயே எழுப்பிடுவ போலக்கீது?"

"உன்னக் கூப்ட்டனா? உன் வழியப் பாத்துக்கினு போ!"

நகரி விசைத்தறிக் கொட்டகையில், தறிச் சத்தத்துக்கு மேல் கத்தி வளர்ந்த தொண்டை தேவசேனாவுக்கு. மெதுவாகப் பேச வராது.

அவள் 'நைனா' என்று கூப்பிட்ட அப்பா கன்னையா, புற்றுநோய் இல்லையென்றால் படியேறி வருவதாக வேண்டிக்கொண்டிருந்தார். இல்லையென்று ரிப்போர்ட் வந்தது. ஆனால் கூடவே முதுகு வலி, விட்டு விட்டுக் காய்ச்சல். மகள் தடுத்தும் கேட்காமல் ஏறினார். இதோ, கால் மடங்கிச் சரிந்தார்.

தூக்கியவன் முன்னால் போன அவன்தான். வேதாச்சலம். பாதி ஊர் குவைத்துக்குப் போன அந்த வருஷங்களில், அங்கே குழாய் சுமந்துவிட்டு லீவில் முடி கொடுக்க வந்த ராமகுப்பத்துக்காரன். அவரைச் சுமந்து இறங்கினான். மழை பிடித்துக்கொண்டது. ஆட்டோவில் அவன் ஈர இமைகளை அவள் ஒரு முறை பார்த்தாள். ஒரு முறைதானா...

திருப்பதி ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டர், "ஏறினதுல பிடிப்பு, வைரல் ஜுரம்" என்று எழுதத் தொடங்கினார். "முன்னாடி வேற வைத்தியம் ஏதாவது?"

"ஏமீ லேது சார், ஒண்ணுமில்ல," என்ற கன்னையா மகளின் கையை இறுக்கினார். சொல்லாதே...

பக்கத்தில் வேதாச்சலம். இவன் எதிரிலா? சிரித்துவிட்டால்?

சிரிக்கட்டும்.

"பொய்யி! கேன்சர் டெஸ்டுக்கு பிராஸ்டேட்ல சதை எடுக்க, போன மாசம் பின்பக்கமா ஊசி வுட்டாங்க! அதுக்கப்பாலதான் எல்லாம்!"

வார்டே திரும்பியது. எவனோ களுக்கென்றான். வேதாச்சலம் சிரிக்கவில்லை. சிரித்தவனை முறைத்தான்.

டாக்டரின் பேனா நின்றது. ஸ்கேனில் தெரிந்தது: ஊசி வழியே ரத்தத்தில் ஏறிய கிருமி முதுகெலும்பில் குடியேறியிருந்தது.

"ரொம்ப அபூர்வம்... இன்னும் விட்டிருந்தா ரெண்டு காலும் போயிருக்கும்."

மருந்து ஏறி, காய்ச்சல் இறங்கிய பிறகுதான் அத்தை செல்லியம்மா வந்து சேர்ந்தாள். "ஆம்பளைங்க எதிர்ல இதையாடி கத்துவ? இனிமே எவன்டி உன்னக் கட்டுவான்?"

"கட்டாங்காட்டி போறான். எங்க நைனா நடப்பாரு!"

"நான் கட்டிக்கறேன்."

வாசலில் பளபளக்கும் மொட்டை, கையில் இட்லிப் பொட்டலம். மலைக்குப் போய்த் திரும்பியிருந்தான் வேதாச்சலம். மொட்டைக்குக் கீழே அதே கண்கள்...

கிட்டே வந்து குனிந்தான். "உனுக்குப் புடிச்சிருந்தா சொல்லு... என் காதுல மட்டும்."

"மெதுவா எனுக்கு வராது."

"அப்ப கத்து."

"புடிச்சிருக்கு!"

வார்டே மறுபடி திரும்பியது. கன்னையா போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

"போச்சு... இதையும் கத்திட்டா!"