விளக்கு வைக்கும் நேரத்துக் குரல்

கவின்ராஜ் மாமனாரோடு போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவருடைய குரல் வாசற்கதவுக்கு வெளியேயும் கேட்டது.

போனில் சித்தையன் ஹனூரில் மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சியதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மாடு கத்துவதுகூடக் காதில் விழுந்தது. வெளியே, மாடிப்படி முடியும் இடத்தில், அதே கரகரப்போடு, நடுவில் அதே இருமலோடு, "சுசி, அப்பன் வந்திருக்கறன். கதவத் தொற கண்ணு" என்றது.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சுசித்ரா கத்தியை வைத்துவிட்டு எழுந்தாள். முகத்தில் பயம் அப்பிக் கிடந்தது. கால்கள் மட்டும் அவளுடையவை அல்லாதவைபோலக் கதவை நோக்கி நடந்தன.

"மாமா, நீங்க ஊர்லதான இருக்கீங்க?"

"வந்திருச்சுங்களா மாப்ள? என்ற குரல்லயா?"

"ஆமாங்க."

"அவ கையப் புடிச்சுக்கங்க. என்ன ஆனாலும் உட்றாதீங்க."

அவன் ஏற்கெனவே பிடித்திருந்தான். மண்டி மொஹல்லா சந்தில் ஸ்கூட்டர்களின் ஹாரன் ஓயாமல் ஒலிக்க, கீழ்க்கடையின் ஈரச் சாக்கு வாடையும் எங்கோ கொதிக்கும் எண்ணெய் வாடையும் ஜன்னல் வழியே வர, பள்ளிவாசலில் மாலை பாங்கு தொடங்கி முடியும்வரை அந்தக் குரல் கெஞ்சிக்கொண்டிருந்தது. வெளிச்சம் முழுதாக மறைந்து தெருவிளக்குகள் தெளிவாக எரிந்த பிறகுதான் அவள் கால்கள் தளர்ந்தன. அவன் தோளில் சாய்ந்து, சத்தமில்லாமல் அழுதாள்.

எல்லாம் தெரிந்துதான் அவன் அவளைக் கட்டியிருந்தான். ஹெப்பாளில் கார்களுக்கு ஒயரிங் செய்யும் கம்பெனியில் அவன் மெயின்டனன்ஸ், அவள் அப்போது செக்கிங். யாரோடும் பேசமாட்டாள். ஓவர்டைம் என்றால் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டுப் பொழுது சாயுமுன் வீட்டுக்கு ஓடிவிடுவாள். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில், "ஏன் இப்படி ஓடறீங்க?" என்று கேட்டான். "என் பின்னாடி வராதீங்க. வந்தவங்க யாரும் நல்லா இல்ல" என்றாள். அவன் பின்னாலேயே போனான். அன்று அவள் தங்கியிருந்த அறையில், இறந்துபோன அம்மாவின் குரல் வெளியே கூப்பிட, கதவுக்கு ஓடியவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்து நிறுத்தியவன் அவன்தான்.

வயதுக்கு வந்த நாளிலிருந்து அது அவளைக் கூப்பிடுகிறது என்றார் சித்தையன். எது என்று அவருக்கும் தெரியாது. கோயில், தர்கா எதுவும் பாக்கியில்லை. அவள் தன் கையால் திறந்தால்தான் அதனால் உள்ளே வர முடியும், விளக்கு வைக்கும் நேரத்தில் மட்டும்தான் அதற்குப் பலம், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. "நெஞ்சு வலி வந்துருச்சு மாப்ள. இனி என்னால அவள இழுத்துப் புடிக்க முடியாதுங்க" என்று அவர் சொன்னபோது, கவின்ராஜ் மாலையில் வீட்டில் இருக்கும்படி முதல் ஷிப்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

அப்பாவின் குரலில் வந்ததற்குப் பிறகு அது வரவில்லை.

முதலில் நம்ப முடியவில்லை. பிறகு மெல்ல மெல்ல அந்த மாலைகள் அவர்களுக்குச் சொந்தமாயின. அவன் ஷிப்டில் நடந்ததை நடித்துக் காட்டினான். அவள் வாய்விட்டுச் சிரிப்பதை முதன்முறையாகக் கேட்டான். அவளைச் சிரிக்க வைப்பதற்காகவே ஓயாமல் பேசினான். அவளுக்குக் கனவில் தூக்கிவாரிப்போடும்போதெல்லாம், "பயப்படாத, நான் இருக்கேன்ல" என்று காதருகே சொன்னான். கதவுக்கு வெளியே ஒரு சத்தமும் இல்லை. தன் பேச்சை அந்தப் பக்கம் நின்று எதுவோ கேட்டுப் பழகிக்கொண்டிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

தோன்றியபோது அவன் கம்பெனி பஸ்ஸில் இருந்தான்.

மத்தியானத்திலிருந்தே மழை. சாலையில் இடுப்பளவு தண்ணீர் தேங்கி, முன்னாலும் பின்னாலும் வண்டிகள் அசையாமல் நின்றன. கண்ணாடியில் வழியும் நீருக்கு அப்பால் வானம் நேரத்துக்கு முன்பே இருண்டுகொண்டு வந்தது. பஸ்ஸுக்குள் ஈரச் சட்டைகளின் புழுக்கம். யாரோ பாட்டு போட்டிருந்தார்கள். சுசித்ராவுக்குப் போன் அடித்தான். எடுக்கவில்லை. மறுபடி அடித்தான்.

"யாரு?" கிசுகிசுப்பாக.

"நான்தான் கண்ணு. பஸ் மாட்டிக்கிச்சு. கீழ்வீட்டுக் கௌரம்மாவ மேல கூப்பிட்டுக் கூட வச்சுக்க. யாரு கூப்பிட்டாலும்..."

"அவரு வந்துட்டாரு."

"யாரு?"

"இப்பத்தான் வந்தாரு. கூப்பிட்டாரு, தொறந்தேன். தல தொவட்டிட்டு இருக்காரு." குரல் நடுங்கியது. "நீ யாரு?"

போனுக்குள், கொஞ்சம் தள்ளி, அவன் தன் குரலையே கேட்டான்.

"யாரு சுசி போன்ல?"

"உங்க குரல்ல பேசுதுங்க."

"கட் பண்ணு. பயப்படாத, நான் இருக்கேன்ல."

பஸ்ஸின் கதவைத் தள்ளிக்கொண்டு குதித்தான். தண்ணீரில் விழுந்து எழுந்தான். நின்ற வண்டிகளைத் தாண்டி ஓடினான். ஒரு ஆட்டோவும் நிற்கவில்லை. நடுச்சாலையில் கையை விரித்து நின்றும் நிற்கவில்லை. ஒருவன்கூட ஹாரன் அடிக்கவில்லை. அது ஏன் என்று யோசிக்க அவனுக்கு அவகாசம் இல்லை. சந்துக்குள் திரும்பியபோது பாங்கு தொடங்கியது.

வெளிப்புற மாடிப்படியில் நாலுகால் பாய்ச்சலில் ஏறினான். கதவுக்கு வெளியே ஒரு ஜோடி பூட்ஸ். அவனுடையவை. இடது பூட்ஸின் அறுந்த கயிற்றில் அவன் போட்ட முடிச்சு. குனிந்து தன் காலைப் பார்த்தான். அதே பூட்ஸ். அதே முடிச்சு.

"சுசி! கதவத் தொற. அது நான் இல்ல."

உள்ளே அவள் விசும்பினாள். "போயிரு. தயவுசெஞ்சு போயிரு."

"பஸ் ஸ்டாப்ல நீ என்ன சொன்ன? என் பின்னாடி வராதீங்கன்னு..."

"வந்தவங்க யாரும் நல்லா இல்லன்னு சொன்ன" என்று உள்ளேயிருந்து அவன் குரல் வாக்கியத்தை முடித்தது. அன்பாக. "பாரு, எல்லாத்தையும் ஒட்டுக் கேட்டு வச்சிருக்கு. எங்கிட்ட வா கண்ணு."

ஜன்னலுக்குத் தாவினான். திரை ஓரத்தில் விரலளவு இடைவெளி. கட்டிலில் சுசித்ரா. பக்கத்தில், கழுத்தில் துண்டோடு, அவன். அது அவள் கையை இறுகப் பற்றியிருந்தது. அவன் பற்றுவதுபோலவே, கட்டைவிரலால் அவள் மணிக்கட்டைத் தடவியபடி. அவள் மறுகையால் காதைப் பொத்திக்கொண்டு அதன் நெஞ்சில் முகம் புதைத்திருந்தாள். அது ஜன்னலைப் பார்த்தது. சிரிக்கவில்லை. களைத்த மனிதன் வீடு திரும்பியதுபோல ஒரு பெருமூச்சு விட்டது.

கதவை மோதினான். தோளால். தலையால். வெறிபிடித்தவன்போல. "மாமாவுக்குப் போன் பண்ணிக் கேளு! சுசி! ஒருதரம் என் முகத்தப் பாரு, போதும்!"

ஒவ்வொரு மோதலுக்கும் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

படியில் டார்ச் வெளிச்சம். கீழ்வீட்டுக் கௌரம்மா, ஒரு கையில் குடையோடு, மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"அம்மா! சொல்லுங்கம்மா அவகிட்ட! நான்தான் கவின்!"

டார்ச் ஒளி அவன் மார்பில் பட்டது. அவனைத் தாண்டிக் கதவிலும் பட்டது. அவர் குளிருக்குச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவன் தோளையொட்டிக் கையை நீட்டிக் கதவைத் தட்டினார்.

"சுசித்ரா, நான் கௌரம்மா. ஏனாயித்தம்மா, என்னாச்சு? ஏதோ சத்தம் கேட்டுச்சே?"

தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது. வாசலை அடைத்தபடி அது நின்றது. அதன் முதுகுக்குப் பின்னால் சுசித்ரா.

"காத்துங்கம்மா. ஜன்னல் அடிச்சுக்கிச்சு" என்றது. "நீங்க நனையாதீங்க, போங்க."

"நீ வந்துட்டியல்லா, அது போதும்பா. பாவம், ஒத்தையா இருக்காளேன்னு பாத்தேன்."

கவின்ராஜ் அவர் காதோரம் அலறினான். அவர் சிலிர்த்துக்கொண்டு படியிறங்கினார். சுசித்ரா அதன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவள் பார்வை அவன் முகத்தின் மேல் வந்தது. கடந்து போனது. மழை பெய்வதைப் பார்த்தது. அவள் முகம் மெல்லத் தெளிந்தது.

"போயிருச்சுங்க" என்றாள்.

"இனிமே வராது" என்றது அது.

கதவு மூடிக்கொண்டு வந்தது. இடுக்கில் கையை நுழைத்தான். நிலையை இறுகப் பற்றினான். கதவு தடைபடவில்லை. தயங்கவும் இல்லை. கடைசிவரை மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

வலி இல்லை.

கையைப் பார்த்தான். மணிக்கட்டுக்குக் கீழே, கை இருந்த இடத்தில், மழை தடையில்லாமல் விழுந்துகொண்டிருந்தது.