தணிப்புப் பொத்தான்

சென்னியப்பனுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. காய்ச்சல் அவனுக்கல்ல, அவன் ஓட்டிய காருக்கு.

பிடரியில் ஒட்டியிருந்த உணர்பட்டை எஞ்சினின் சூட்டை அப்படியே அவன் நரம்புகளுக்கு அனுப்பியது. எஞ்சின் கொதித்தால் ஓட்டுபவன் தாங்கமாட்டாமல் வண்டியை நிறுத்திவிடுவான். இந்தப் பட்டை வந்த பிறகு கார்களில் வெப்பமானி வைப்பதையே விட்டுவிட்டார்கள்.

"ஏனுங்க, நிறுத்துங்க. மூஞ்சியெல்லாம் செவந்து கெடக்குது" என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி கோகிலவாணி.

"முகூர்த்தம் தப்பிரும் புள்ள. கூடப்பொறந்தவன் சீர் கொண்டாராம என் தங்கச்சிக்கு எப்படி வளைகாப்பு நடக்கும்?"

வால்பாறைச் சாலையில் இன்னும் பாதி வளைவுகள் பாக்கி. சென்னியப்பன் ஸ்டியரிங்கில் இருந்த தணிப்புப் பொத்தானை அமுக்கினான். சூட்டை அறியும் நரம்புகளையே அது கால் மணி நேரம் உறங்க வைத்துவிடும். அவசரத்துக்கென்று வைத்தது; எல்லோரும் தினமும் அமுக்கினார்கள். உடம்பு சட்டென்று குளிர்ந்தது. அவன் சிரித்துக்கொண்டே வேகத்தைக் கூட்டினான்.

அடுத்த இரண்டு வளைவுகளில் வெல்லம் கருகுவது போல ஒரு வாடை வந்தது. வண்டி இழுக்கத் திணறியது. கொண்டை ஊசி வளைவின் நடுவில் எஞ்சின் 'கடக்' என்று இறுகி நின்றது. திரை அணைந்தது. ஸ்டியரிங் கல்லாய்க் கனத்தது. பிரேக்கை மிதித்தால் கால்தான் வலித்தது. கார் பின்னோக்கி உருளத் தொடங்கியது. பின்கண்ணாடியில் சாலை இல்லை. தூரத்தில், கீழே, அணைத் தண்ணீர் மின்னியது.

"என்னங்க!"

இருவரும் சேர்ந்து ஸ்டியரிங்கை ஒடித்தார்கள். அவன் கைப்பிரேக்கை முழு பலத்தோடு இழுத்தான். பின்சக்கரம் தடுப்புச் சுவரில் மோதி, சுவர் விரிசல் விட்டு, வண்டி நின்றது.

கோகிலவாணி இறங்கி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கல் தேடினாள். கல்லை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவன் பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"ஐயோ, தொடாதீங்க!"

"சூடே இல்ல புள்ள. ஆறிப்போச்சு."

மூடி தெறித்தது. கொதிநீரும் ஆவியும் பீறிட்டன. முகத்தைத் திருப்பியிருந்ததால் கண் தப்பியது. அவனோ கையை எடுக்காமல் அங்கேயே நின்றான், குழாயடியில் கை கழுவுகிறவன் போல.

அவள் ஓடிவந்து அவனை இழுத்தாள். இரண்டு கைகளிலும் முழங்கை வரை தோல் வெளுத்துச் சுருண்டிருந்தது. பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஆம்புலன்ஸை அழைத்தாள். மலையேறி வர நேரமாகும் என்றார்கள்.

"எதுக்கு அழுவுற? ஒன்னுமே சுடல" என்றான் அவன். அப்புறம்தான் தன் கைகளைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"கோகி, தணிப்பு முடியப்போவுது. ஓடிப்போய் இன்னொருக்கா அமுத்து."

அவள் ஓடினாள். பொத்தானை அமுக்கினாள். திரும்பத் திரும்ப அமுக்கினாள். எஞ்சினோடு வண்டியின் மின்சாரமும் செத்திருந்தது. பொத்தானில் விளக்கு எரியவேயில்லை.

அவளுக்குப் பின்னாலிருந்து அவன் கூப்பிட்டான். குரல் மாறியிருந்தது.