பி-304இல் ஒருவர் கூடுதல்

ஒன்று கூடுதலாக இருந்தது.

நேற்றிரவு பேக்கப் எடுத்தபோது நான்கு லட்சத்துப் பதினெட்டாயிரத்து இருநூற்று ஐந்து வரிகள் என்று பதிவாகியிருந்தது. அதையே, சோதனைக்கென்று தனியாக வைத்திருக்கும் டெஸ்ட் சர்வரில் ஏற்றி எண்ணினால் இருநூற்று ஆறு. நிருபமா எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். இருநூற்று ஆறு. குறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை, குறைவதற்கு ஆயிரம் காரணம் உண்டு. பூட்டிவைத்த பெட்டிக்குள் ஒன்று கூடுவதற்கு என்ன காரணம் சொல்வது?

ஐஸ்பெட்டியில் படுத்திருக்கும் வஞ்சிரமே எழுந்து வந்து கம்பளி கேட்கும் குளிர் அந்த சர்வர் அறையில். காலையில் நடந்த ஆயுத பூஜை இன்னும் வெளியேறாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. கற்பூரக் கரி, வாடத் தொடங்கிய சாமந்தி, வாசலில் உடைத்த பூசணிக்காயின் பச்சை வாடை, அதற்கடியில் விசிறிகளின் ஓயாத ஹூங்காரம். ஆபீஸை நிர்வகிக்கும் கோமளம் குங்குமத்தைக் குழைத்து ரேக், கீபோர்டு, மானிட்டர் விளிம்பு, தீயணைப்பான் என்று ஒன்று விடாமல் தீற்றியிருந்தார். இன்னும் ஐந்து நிமிடம் விட்டிருந்தால் வாட்ச்மேனுக்கும் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டியிருப்பார். பொரியும் சுண்டலும் தீர்ந்ததும், இரண்டு மணிக்கெல்லாம் ஜீவனஹள்ளியின் அந்த மாடிவீட்டு ஆபீஸ் காலியாகிவிட்டது.

நூற்றுப் பன்னிரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கேட் பதிவேடு இந்த ஆபீஸின் கையில். குடியிருப்பவரோ விருந்தாளியோ, யார் எந்த வீட்டுக்கு வந்தார், எப்போது உள்ளே, எப்போது வெளியே, கேட்டில் எடுத்த போட்டோ. மூன்று மாதமாக நிருபமா இதன் டேட்டாபேஸ் நிர்வாகம் கற்றுக்கொண்டிருந்தாள். பாடப்புத்தகம் என்று எதுவுமில்லை. ரேக்கில் ஒட்டியிருந்த ஒரு மஞ்சள் காகிதம்தான். முந்தைய நிர்வாகி டென்சிலின் கையெழுத்து. பேக்கப்பை ஏற்றிப் பார்க்காமல் நம்பாதே. போனவர்களின் லாகினை அன்றைக்கே மூடு. அழிக்கும் முன், எந்த சர்வரில் நிற்கிறாய் என்று பார்.

டென்சில் போன வருடம் அத்திபெலே அருகே லாரி மோதி இறந்துபோனார். தன் கல்யாண மேடைக்கே லேப்டாப்போடு ஏறியவர் என்பார்கள். அவருடைய லாகினை மட்டும் யாரும் மூடவில்லை. ஆயுத பூஜைக்கு அவர் கீபோர்டுக்குத் தனி மாலை. இன்று மதியம் நிருபமா விதிப்படி அந்த லாகினை நீக்கியபோது, மாலையைச் சரிசெய்துகொண்டிருந்த கோமளத்தின் கை நின்றுவிட்டது.

"அவர் உள்ளயே இருந்துட்டுப் போகட்டும்மா. வெளிய அனுப்பினா எங்க போவார்?"

நிருபமா சிரித்தாள். கோமளம் சிரிக்கவில்லை.

இப்போது அந்தக் கூடுதல் வரியைத் தேடிக் கண்டுபிடித்தாள். சந்தாபுரா குடியிருப்பு. வீடு பி-304. பெயர் இல்லை. உள்ளே வந்த நேரம், இன்று மாலை 4:40.

மணி 4:12.

நேற்று எடுத்த பேக்கப்பில் இன்றைய மாலை. பி-304 அவளுடைய வீடு.

கடிகாரக் கோளாறாக இருக்கும் என்று எல்லா சர்வரின் நேரத்தையும் சரிபார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. கணவர் அச்யுத் புனேயில். வேலைக்கு வரும் ஆஞ்சலா பண்டிகை என்று நாலு மணிக்கே கிளம்பியிருப்பார். வீட்டில் எட்டு வயது அதிதி மட்டும். பண்டிகைக் கூட்டத்தில் ஜீவனஹள்ளியிலிருந்து சந்தாபுரா போய்ச் சேர்வதற்குள் அதிதி எஸ்எஸ்எல்சியே எழுதிவிடுவாள். போன் செய்தாள்.

"யாரும் வரலம்மா. டிவி பாக்குறேன்." கொஞ்சம் நிறுத்தி, "லிஃப்ட் மட்டும் நம்ம மாடிக்கு வந்து வந்து போகுது."

யார் வந்தாலும் கதவைத் திறக்காதே என்று மூன்று முறை சொல்லி வைத்தாள். கேட் காவலாளியைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவர் கன்னடத்தில், யாருமே வரவில்லை மேடம் என்றார். பிறகு அந்த வரியின் போட்டோவைத் திறந்தாள். கேட்டின் இரும்புக் கம்பி, காலியான சாலை. மூடித் திறந்தாள். சாலையில் ஒரு முழுக்கைச் சட்டை. மூடித் திறந்தாள். கம்பியைப் பிடித்திருக்கும் விரல்கள். நகக்கண்ணெல்லாம் குங்குமம்.

4:29.

நகலில் இருப்பதை அழித்து என்ன ஆகப்போகிறது என்று புத்தி கேட்டது. கை கேட்கவில்லை. அதை மட்டும் பிரித்தெடுக்கப் பொறுமையில்லாமல், டெஸ்ட்தானே என்று, பி-304இல் உள்ளே இருப்பவர் எல்லோரையும் நீக்கு என்று எழுதித் தட்டினாள். நேற்றிரவுக் கணக்கில் மூன்று பேர் இருக்க வேண்டும். அவள், அதிதி, அது.

திரை சொன்னது: ஒரு வரி நீக்கப்பட்டது.

ஒன்றா?

டெஸ்ட் ஜன்னலுக்கு நிறமில்லை. உண்மையான பதிவேடு ஓடும் லைவ் ஜன்னலுக்கு மட்டும் சிவப்பு விளிம்பு. டென்சில் வைத்த ஏற்பாடு, தெரியாமல் கை வைத்துவிடக் கூடாதென்று. இன்று மானிட்டர் விளிம்பு முழுக்கச் சிவப்பு. எல்லாம் கோமளத்தின் குங்குமம் என்றே நினைத்திருந்தாள். விரலால் துடைத்தாள். குங்குமம் வந்தது. அதற்குப் பின்னால், திரைக்குள், இன்னொரு சிவப்பு.

அது துடைபடவில்லை.

லைவ் பதிவேட்டில், இந்த நேரத்தில், பி-304க்குள் இருந்தது ஒரே ஒருத்தி.

அதிதியின் எண்ணை அழைத்தாள். அப்படியொரு எண் உபயோகத்தில் இல்லை. ஆஞ்சலாவை அழைத்தாள். பின்னால் பஸ் இரைச்சல்.

"பாப்பாவா? எந்தப் பாப்பா மேடம்? உங்க வீட்ல ஏது கொழந்த?" பிறகு, கவலையோடு, "உடம்பு ஏதும் சரியில்லையா?"

கைப்பேசியின் முகப்புப் படத்தில் ஊஞ்சல் இருந்தது. ஊஞ்சல் மட்டும்.

4:35. டெஸ்ட் நகலில் அதிதி இன்னும் இருந்தாள். பெயர், வயது, பல் விழுந்த சிரிப்பு. அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து லைவில் போட்டால் போதும். தேர்ந்தெடுத்தாள். இரண்டு வரிகள் தேர்வாயின. பெயரைச் சொல்லிக் கேட்டாள். இரண்டு. வயதைச் சொல்லி. இரண்டு. பெயரில்லாததை விட்டுவிட்டு மற்றதைக் கொடு என்று கெஞ்சுவதைப் போல எழுதினாள்.

இரண்டு.

அவளோடு அது. அது இல்லாமல் அவள் இல்லை.

4:38. விசிறிகள் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல அடங்கின. மஞ்சள் காகிதத்தைப் பார்த்தாள். இதற்கு அதில் விதி இல்லை.

தட்டினாள்.

பத்து சதவீதம். நாற்பது. தொண்ணூறு. முடிந்தது.

4:40. போன் அடித்தது.

"அம்மா." அதிதியின் குரல்தான். அழக்கூட முடியவில்லை நிருபமாவுக்கு. "நான் கதவே தெறக்கலம்மா. அங்கிள் உள்ளதான் நின்னுட்டிருந்தாரு."

"எந்த அங்கிள்டா? பக்கத்துல போகாத. பால்கனிக்குப் போ."

"நீதான் அவர வெளிய போகச் சொன்னியாம். அவருக்குப் போக எடமே இல்லையாம். திரும்ப உள்ள விடுன்னு உன்கிட்ட கேக்கணுமாம். என்னையும் கூட்டிட்டு வர்றாராம்."

"அதிதி."

"கை ரொம்ப ஜில்லுன்னு இருக்கும்மா."

தொடர்பு அறுந்தது. திரையில் பி-304இன் இரண்டு வரிகளிலும், காலியாக இருந்த கடைசிக் கட்டம் ஒரே நொடியில் நிரம்பியது. வெளியே சென்ற நேரம், 4:41. 4:41.

சந்தாபுராவிலிருந்து ஒன்றரை மணி நேரம். பண்டிகை நாளில் இரண்டு. அவள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்றரை மணி நேரம். இரண்டு.

4:42.

சர்வர் அறையின் கண்ணாடிக் கதவு லேசாக அதிர்ந்தது. வெளியே வராண்டா, விளக்கு, காலி நாற்காலிகள். யாரும் இல்லை. கண்ணாடியில் மட்டும், ஆள் உயரத்தில், ஒரு பெரிய உள்ளங்கை சிவப்பாகப் பதிந்திருந்தது. குங்குமம் ஈரமாகக் கீழே வழிந்தது.

அதற்கு ஓரடி கீழே, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, விரல் விரலாக, இன்னொரு கை பதிந்தது.

சின்னக் கை.