நாடி ஐம்பத்து மூன்று

"நாளைக்குக் காலையில என்னை வேலையை விட்டு அனுப்பிடுவாங்க, சார். அப்புறம் எந்த ஆஸ்பத்திரியிலும் சேர்க்க மாட்டாங்க," என்றாள் நர்ஸ் வசுமதி.

மாமல்லபுரத்தில் ஓய்விலிருந்த இன்ஸ்பெக்டர் ராமானுஜம், உதவியாளன் பன்னீர்செல்வத்துடன் அன்றே அவள் வேலை பார்த்த புதுப்பட்டினம் நர்ஸிங் ஹோமுக்கு வந்தார். படகுக்காரர் காசிநாதன் அங்கே இதய மாத்திரை சாப்பிட்டு வந்தவர். நாடி அறுபதுக்குக் கீழே இறங்கினால் அதைத் தரக்கூடாது. செவ்வாய்க்கிழமை யாரோ தந்துவிட்டார்கள். இப்போது செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில், எமன் வாசல்வரை போய்த் திரும்பிப் படுத்திருக்கிறார்.

டாக்டர் சார்ட்டை நீட்டினார். "'நாடி 53, மாத்திரை தரவில்லை.' விஷயம் வெடித்த பிறகு இந்தம்மா எழுதிக்கொண்டது!"

"நான் எழுதிட்டு உங்களைத் தேடி ஓடினேன், டாக்டர். நீங்க வெளியே போயிருந்தீங்க," என்றாள் வசுமதி. கட்டிலருகே அப்போது இருந்தது காசிநாதனின் மனைவி அம்சா மட்டும்தான்; இப்போது அவளும் கதவோரம் நின்றிருந்தாள்.

பன்னீர்செல்வம் சார்ட்டைப் புரட்டினான். 72, 68, 74, 66... "சார், மாட்டிக்கிட்டாங்க! அரை நிமிஷம் எண்ணி இரட்டிப்பாக்குறவங்க இவங்க. எல்லாமே இரட்டைப்படை. 53 எப்படி வரும்?"

ராமானுஜம் தம் மணிக்கட்டை வசுமதியிடம் நீட்டினார். மூன்று விரல்கள் மெல்லப் பதிந்தன. அவள் கண் கைக்கடிகாரத்தில் நின்றது. அரை நிமிடம் கழிந்தது. அவள் விரலை எடுக்கவில்லை. முழு நிமிடம் ஆன பிறகு ஒரு தாளில் 67 என்று எழுதினாள்.

அந்த எண்ணைப் பார்த்த ராமானுஜத்துக்கு உடம்பு சிலிர்த்தது. தோலுக்கு அடியில் நடப்பதை மூன்று விரல் இப்படிக் கண்டுபிடிக்குமா!

"டாக்டர், நாடி சீராக இருந்தால் இவருக்கு அரை நிமிடம் போதும். துடிப்பு தவறினால்தான், நர்ஸ்கள் கற்ற முறைப்படி, கையை விடாமல் முழு நிமிடம் எண்ணுகிறார். பொய் எழுதுகிறவர் பழக்கப்படி இரட்டைப்படைதான் எழுதியிருப்பார். 53 என்பது காசிநாதனின் கையைப் பிடித்து எண்ணிய எண். அவ்வளவு கவனமாகப் பார்த்தவர் மாத்திரை தரமாட்டார். அப்படியானால் கட்டிலருகே இருந்தவர்..."

அம்சா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தாங்க கட்டிலண்ட இருந்த மாத்திரைய எடுத்துக் குடுத்தேன். நர்ஸம்மா அவசரத்துல மறந்துட்டு ஓடுறாங்கன்னு நெனச்சிகினேன். புருசனக் கொல்லப் பாத்தவன்னு சொல்லிடுவாங்களேன்னு வாயத் தொறக்கல..."

வசுமதி ஓடிப்போய் அவளைத் தாங்கிக்கொண்டாள். டாக்டர் தலைகுனிந்து, "மன்னிச்சிடும்மா. நாளைக்கு வழக்கம்போல டியூட்டிக்கு வா," என்றார்.

பன்னீர்செல்வத்தின் முகம் மட்டும் வெளுத்தது. "சார், அப்போ உங்க அறுபத்தேழு?"

ராமானுஜம் வசுமதியைப் பார்த்தார்.

"எல்லார் முன்னாலயும் சொல்ல வேணாம்னு இருந்தேன், சார்," என்றாள் அவள். "சட்டையக் கழட்டிட்டு அந்தக் கட்டில்ல படுங்க. டாக்டர் இங்கதான் இருக்கார்."